நான்கு குதிரைகளுக்கு ஒருவன்

என்னோடு ஒரே பள்ளிக்குச் சிலேட்டுப் பலகை சுமந்தவர்களே, இன்று மூட்டுவலித் தைலங்களின் பெயர்களை ஒருவருக்கொருவர் பரிந்துரைத்துக்கொள்ளும் என் ஒத்த வயதினரே, சென்ற மாதம் நீங்கள் எல்லாரும் ஒரே படத்தைக் கைப்பேசியில் எனக்கு அனுப்பினீர்கள். நம் ஊர்க் கோயிலில் புதிதாக எழும்பிவரும் சுதைச் சிற்பத்தின் படம். அதன் கீழே ‘நம் ஊர்க் குதிரை வீரர்’ என்று எழுதி, கும்பிடும் கைகளை வரிசையாக ஒட்டியிருந்தீர்கள். எனக்கு அந்தப் படத்தைக் கண்டு மகிழ்ச்சி தோன்றவில்லை, ஐயம்தான் தோன்றியது. ஊர் ஒருவனை ஒரே குரலில் பழிக்கும்போது எனக்கு எழும் ஐயம், ஒரே குரலில் புகழும்போதும் எழுகிறது. அதற்குக் காரணம் உண்டு. நான் கயிற்று வீட்டுப் பெண்.

கயிற்று வீடு என்றால் என்னவென்று உங்களில் சிலருக்கு மறந்திருக்கும். சிலர் மறந்ததாகக் காட்டிக்கொள்வீர்கள். ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன்.

பரளச்சியிலிருந்து நம் ஊருக்கு வரும் வண்டிப்பாதையில், கண்மாய்க் கரையின் கருவேல நிழலில், மார்பளவு உயரமுள்ள ஒரு பலகைக் கல் நின்றது. அதன் இடப்புறத்தில் மூன்று ஆண்கள், தோளில் நீண்ட கோல் சார்த்தி, ஒருவர் பின் ஒருவராக நடந்துபோகிறார்கள். வலப்புறத்தில் நான்கு குதிரைகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. அவற்றின் முன்னே நான்காமவன் இரு கைகளையும் நீட்டியபடி நிற்கிறான். அவன் கைகளுக்கும் குதிரைகளின் வாய்களுக்கும் இடையே முன்பு ஏதோ செதுக்கியிருக்க வேண்டும்; எண்ணெயும் மழையும் கூடி அவ்விடத்தை வழவழப்பாக்கிவிட்டன.

நடந்துபோகும் மூவரும் ஊரைக் காக்கும் சாமிகள். நிற்பவன் அவர்களுடைய குதிரைகளைக் களவாட வந்து பிடிபட்டவன். இதுதான் நமக்குச் சொல்லப்பட்ட வரலாறு. அந்தக் களவாணியின் வழியில் வந்தவர்கள் எங்கள் வீட்டார் என்பதும் அதே வரலாற்றின் பகுதி. யார் கண்டார்கள், எப்போது கண்டார்கள் என்று எவரும் கேட்டதில்லை.

பங்குனிப் பொங்கலன்று விடியற்காலையில் அந்தக் களவாணியின் கல் மணிக்கட்டுகளைக் கயிற்றால் கட்டுவார்கள், அடுத்த ஆண்டுவரை அவன் ஓடிப்போகாதிருக்க. கயிற்றைத் திரித்துக் கொண்டுவரும் கடமை எங்கள் வீட்டுக்குரியது. கற்றாழை மடல்களைக் கண்மாயின் சேற்றுநீரில் அழுகப்போட்டு, அந்த நாற்றம் தலைமுடிவரை ஏற, அப்பா நார் உரிப்பார். சாறு பட்ட கைகள் சிவந்து தடித்துப் பல நாள் அரிக்கும். கயிறு கட்டி முடிந்ததும் எங்கள் வீட்டின் மூத்த ஆண் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர் முழுவதும் கேட்க, “இனி எடுக்க மாட்டோம்” என்று சொல்ல வேண்டும். எதை எடுத்தோம் என்று நாங்களும் கேட்டதில்லை, ஊரும் சொன்னதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஆண்டு மழை பொய்த்தது. கரிசல் நிலம் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. பருத்தி முழங்கால் உயரத்திலேயே கருகியது. அப்போது பாலவனத்தம் சாலையில் இருந்த பருத்தி அரவை ஆலையில் காவலாள் வேண்டும் என்று செய்தி வந்தது. அப்பா போய்ப் பார்த்தார். ஆலை முதலாளிக்கு அப்பாவின் உடற்கட்டு பிடித்திருந்தது. ஆனால், “ஒங்க ஊர்ல பெரிய மனுசர் ஒருத்தர வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு” என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் அப்பா காவலாள். கிடைக்காவிட்டால் நாங்கள் குடும்பத்தோடு கரிமூட்டம் போடுகிறவர்களின் பின்னே ஊர் ஊராகக் கருவேலங்காடு தேடிப் போக வேண்டும். என் படிப்பும் அங்கேயே முடியும். இதை அம்மா என்னிடம் ஒளிக்கவில்லை.

ஊர்ப் பெரிய மனிதர் என்றால் நாட்டாமைதான். அப்பா அவர் முன்னே போய் நின்ற அன்றுதான், நாட்டாமையின் கிணற்று மோட்டாரிலிருந்து செப்புக் கம்பிச் சுருளை எவரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“பொங்கல் முடியட்டும்யா,” என்றார் நாட்டாமை. “அதுக்குள்ள கம்பி என்னாச்சுன்னு தெரிஞ்சுபோகும். இன்னைக்கு நான் வார்த்தைய விட்டுட்டு, நாளைக்கு ஒரு பேரு வந்துறக் கூடாதுல்ல.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பி வந்தார். அதைக் கேட்ட அம்மா அடுப்பை ஊதியபடியே சொன்னாள்: “அவுக கம்பியவா தேடுறாக? நம்ம வீட்டு வாசலத்தான தேடுறாக.”

அவள் சொன்னது சரிதான். அன்றிலிருந்து நம் தெருவில் நடப்பவர்களின் நடை எங்கள் வாசலருகே மட்டும் மெதுவாயிற்று. கோலத்தைப் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தார்கள். உங்கள் வீட்டார் அல்லர் என்று நீங்கள் இப்போது மறுப்பீர்கள். நான் பெயர் எதுவும் சொல்லவில்லை.

கம்பி போனதற்கு முந்தின நாள்தான் சித்தப்பா பட்டாளத்திலிருந்து ஓர் இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார். அப்பாவின் உடன்பிறந்த தம்பி. வடக்கே எங்கோ ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். தவணைக் காலம் முடியுமுன்னே ஏன் திரும்பினார் என்பது எவருக்கும் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கடைவாசலில் நின்றவர்கள் கேட்டார்கள்: “என்னப்பா, பட்டாளத்துல துப்பாக்கி பிடிச்சியா, இல்ல குதிரை லத்தி அள்ளுனியா?”

“ரெண்டும்தான் செஞ்சேன்,” என்றார் சித்தப்பா. “அதிகமாப் பிடிச்சது கடிவாளம்.”

“அதான பாத்தேன். கை பழைய தொழில மறக்குமா?”

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அவர் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனார். நான், என் அத்தை மகன், பூசாரி மகள், நாட்டாமையின் பேரன் ஆகிய நான்கு பேரும் பின்னாலேயே போனோம். பேரனுக்குக் கயிற்று வீட்டாரோடு சேரக் கூடாது என்று கட்டளை இருந்தது. ஆகவே அவன்தான் முதலில் ஓடினான். சித்தப்பா கல்லின் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவினார். பிறகு ஈரத்துணியால் ஒற்றி, வெயில் பக்கவாட்டில் விழும்வரை காத்திருந்து, உற்றுப் பார்த்தார்.

“இவுக குதிரைப் படை இல்ல,” என்றார். “காலாட் படையும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல உள்ளவுக. மவுண்டட் இன்பேண்ட்ரி. குதிரையில போற காலாளு.”

“குதிரையில போனா அப்புறம் எப்படிக் காலாளு?” என்றான் அத்தை மகன்.

“அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸுல போற. பஸ்ஸுக்குள்ளயேவா சாமான் வாங்குற? இறங்கித்தான வாங்குற. இவுகளுக்குக் குதிரைதான் பஸ்ஸு. சண்டை நடக்குற எடம்வரைக்கும் அதுல போவாக. எடம் வந்ததும் இறங்கிருவாக. தரையில நின்னுதான் சுடுவாக.”

“மேல இருந்தே சுட்டா என்னவாம்?” இது பேரன்.

“ஓடுற பஸ்ஸுல ஒங்க ஆத்தா ஊசியில நூலு கோத்துப் பாத்திருக்கியாலே?”

பேரன் சற்று யோசித்து, “அப்ப நடந்தே போகலாம்ல?” என்றான்.

“போகலாம். நீ போய்ச் சேருறதுக்குள்ள எதிரி சண்டைய முடிச்சு, சோறு பொங்கித் தின்னு, கைகழுவியிருப்பான்.”

கல்லையே பார்த்துக்கொண்டிருந்த பூசாரி மகள் கேட்டாள்: “எல்லாரும் இறங்கிட்டா குதிரைக ஓடிப்போகாதா?”

சித்தப்பா துணியைக் கீழே வைத்தார். “இதை யாராச்சும் கேக்குறீகளான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நாலு பேருல ஒருத்தன் நின்னுக்கிருவான். அவன் கையில நாலு குதிரையோட கடிவாள வாரும் இருக்கும். மத்த மூணு பேரும் முன்னாடி போவாக.”

“அவன் சண்டை போட மாட்டானா?”

“மாட்டான்.”

“அப்பப் பயந்தாங்கொள்ளி,” என்றான் பேரன்.

“குண்டு வரும்போது மத்தவுக படுக்கலாம், ஒளியலாம், திருப்பிச் சுடலாம். இவனுக்கு ஒண்ணும் முடியாது. ரெண்டு கையிலயும் வாரு. நாலு குதிரையும் மிரண்டு இழுக்கும். விட்டுட்டு ஓடுனா இவன் பொழைச்சுக்கிருவான், ஆனா அந்த மூணு பேருக்கும் திரும்ப வழி கிடையாது. இருக்கிறதுலயே நம்பகமான ஆளப் பாத்துத்தான் அதுக்கு நிறுத்துவாக.”

அவர் விரல் கல்லின்மேல் இருந்தது. நாங்கள் நால்வரும் அந்த விரலைப் பார்த்தோம். நிற்கிறவனின் நீட்டிய கைகள். குதிரைகள் நான்கு. நடக்கிறவர்கள் மூவர்.

“பூசாரி வேற மாதிரில்ல சொல்றாரு,” என்றான் அத்தை மகன், குரலைத் தாழ்த்தி.

“அவரு சொல்றது இருக்கட்டும். களவாணியைப் பிடிக்க வந்த மூணு பேரும் அவனுக்கு முதுகக் காட்டிக்கிட்டா போவாக?”

பூசாரி மகள் அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். பூசாரியின் விடை மறுநாளே வந்தது: களவாணி முகத்தில் விழிக்கக் கூடாது என்பதால் சாமிகள் திரும்பிக்கொண்டார்களாம். நான்காவது குதிரை எப்படி வந்தது என்று கேட்டதற்கு, அது களவாணி ஏறிவந்த குதிரை என்றாராம். சொந்தக் குதிரை உள்ளவன் எதற்காகக் களவாட வர வேண்டும் என்று கேட்டதற்கு, முதுகில் ஓர் அடி கிடைத்ததாம்.

பிற்காலத்தில் நான் தமிழ் கற்பித்துப் பிழைத்தேன். யானை, தேர், குதிரை, காலாள் என்று நால்வகைப் படையை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம், இந்தக் கணக்கில் அடங்காத ஐந்தாம் வகையினர் என் நினைவுக்கு வருவார்கள். சித்தப்பா சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. நூலகங்களில் தேடிச் சரிபார்த்தேன். துப்பாக்கி பரவிய காலத்தில் ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய படைகள் தோன்றின என்பதும், அவர்களுக்கு மட்டமான குதிரைகளையும் குறைந்த கூலியையும் கொடுத்தார்கள் என்பதும், குதிரைப் படையினர் அவர்களை இளக்காரமாகப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. நால்வரில் ஒருவர் குதிரைகளைப் பிடித்து நின்றார் என்பதும் உண்மை. நாளடைவில் அவர்களுக்கும் குதிரைமேல் இருந்தே வாள் சுழற்றும் ஆசை வந்தது; இறங்கிச் சண்டையிடும் வழக்கத்தைக் கைவிட்டு, குதிரைப் படையாகவே மாறிப்போனார்கள். பின்னர் ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் மட்டக்குதிரை ஏறிவந்து இறங்கிச் சுட்ட உழவர்களிடம் பெரும்படைகள் திணறியபோது, மறந்த வித்தை மீண்டும் நினைவுக்கு வந்தது. சிலர் மிதிவண்டியிலும் அதே வித்தையைச் செய்தார்கள். கடைசியில் இயந்திர வண்டிகள் வந்தன. குதிரைகளும் போயின, பிடித்து நிற்பவனும் போனான்.

இவ்வளவும் சரி. ஆனால் நம் கண்மாய்க் கரைக் கல்லில் இருப்பவர்கள் அவர்கள்தாமா? தோளில் இருப்பது துப்பாக்கியா, வெறும் கோலா? எனக்கு இன்றுவரை துணிபில்லை. சித்தப்பா கடிவாளம் பிடித்துப் பிழைத்தவர். களவாணி என்று பெயர் சுமந்த வீட்டில் பிறந்தவர். கடிவாளம் பிடித்தவனைக் கல்லில் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குத் தேவை இருந்தது. ஊர்ப் பெரியவர்களை விட்டுவிட்டு எங்களிடம் அவர் ஏன் சொன்னார் என்று ஒருநாள் கேட்டேன். “பெரியவுககிட்டச் சொன்னா, களவாணி வக்காலத்து வாங்குறான்னுவாக. நீங்க கதைன்னு கேட்டுக்கிருவீக,” என்றார். அந்த விடையும் என் ஐயத்தைப் போக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குள்ளேயே ஐயம் புகுந்திருந்தது. ஒருநாள் சித்தப்பா குளிக்கப் போயிருந்தபோது, அம்மா என்னை வாசலில் நிறுத்தினாள். “சித்தப்பா வாராகளான்னு பாத்துக்கிட்டே இரு. வந்தா இருமு.” பிறகு அவர் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். நான் வாசலையும் பார்த்தேன், பெட்டியையும் பார்த்தேன். குதிரைக்கு உடம்பு தேய்க்கும் தூரிகை ஒன்று. அதன் மயிர்களில் பழுப்புநிறக் குதிரை முடிகள் இன்னும் சிக்கியிருந்தன. வாயில் மாட்டும் கடிவாள இரும்பு ஒன்று. பல் பட்ட தழும்புகளோடு. இரண்டு காக்கிச் சட்டைகள். புல்லும் வியர்வையும் தோலும் கலந்த ஒரு மணம். அம்மா சட்டைகளின் மடிப்புகளுக்குள்ளும் கைவிட்டுத் துழாவினாள்.

“செம்புக் கம்பி இல்ல,” என்றாள் கடைசியில். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “வேற எங்கயும் வச்சிருப்பாரோ?” என்றாள். இல்லை என்று கண்ணால் கண்ட பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை. ஊர் எங்களை எப்படிப் பார்த்ததோ, அப்படியே நாங்களும் எங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தோம்.

பிள்ளைகளாகிய எங்கள் நால்வருக்கோ அந்தப் படைதான் விளையாட்டாயிற்று. பரளச்சியில் பாய் ஒருவர் வைத்திருந்த மிதிவண்டிக் கடையில் வாடகைக்கு எடுத்த நான்கு சிறுவர் மிதிவண்டிகள் எங்கள் குதிரைகள். “ஏ பிள்ளைகளா, நாலு போகுது, நாலும் வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஒங்க வாப்பாமாரத் தேடி வருவேன்” என்று சொல்லித்தான் பாய் கொடுப்பார். புழுதி மூக்கில் ஏறாமலிருக்க முகத்தைத் துண்டால் சுற்றிக்கொள்வார்கள் என்று சித்தப்பா சொல்லியிருந்தார், நாங்களும் சுற்றிக்கொண்டோம். இலக்கை அடைந்ததும் இறங்க வேண்டும். மூவர் முன்னேற, ஒருவர் நான்கு வண்டிகளையும் பிடித்து நிற்க வேண்டும். அதற்கு ஒரு சட்டமும் இருந்தது: பிடித்து நிற்பவர், தோழர்கள் போன திசையை எவரிடமும் சொல்லக் கூடாது.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு நாங்கள் தாக்கிய கோட்டை, நாட்டாமையின் தோட்டத்துக் கொடுக்காப்புளி மரம். சீட்டுக் குலுக்கியதில் நிற்கும் முறை பேரனுக்கு வந்தது. மோட்டார் அறையின் சுவரோரம் அவன் நான்கு வண்டிகளையும் இரு கைகளுக்குள் அணைத்துக்கொண்டு நின்றான். நாங்கள் முள்வேலியின் அடியில் நுழைந்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பழம் வெடித்து வெள்ளையும் சிவப்புமாகத் தொங்கியது. பூசாரி மகள் பாவாடையை ஏந்த, அத்தை மகன் கிளையை உலுக்கினான்.

அப்போது வேலிக்கு அப்பால் அதட்டல் கேட்டது. கம்பிக் களவாணியைப் பிடிப்பதற்காகப் பூசாரியும் வேறு இருவரும் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் அறை, முகத்தை மூடிய ஓர் ஆள், நான்கு வண்டிகள். வேறு என்ன வேண்டும்?

“யாரு நீ? எந்த ஊரு?” பேரன் பேசவில்லை.

“கூட வந்தவன் எங்க?” பேசவில்லை.

“சொல்றியா, ஒதைக்கட்டா?”

வேலி இடுக்கு வழியாக நாங்கள் பார்த்தோம். பூசாரி தன் துண்டால் அவன் இரு மணிக்கட்டுகளையும் சேர்த்துக் கட்டினார். அப்போதும் அவன் விரல்கள் வண்டிகளின் கைப்பிடிகளை விடவில்லை. அவனால் ஓடியிருக்க முடியும். அவர்கள் வருவதை அவன்தான் முதலில் பார்த்திருப்பான்.

எவரோ போய்ச் சொல்ல, நாட்டாமையே வந்தார்.

“சிக்கிட்டான்யா,” என்றார் பூசாரி. “நாலு சைக்கிளையும் தள்ளிக்கிட்டு ஓடப் பாத்தான்.”

“ஓடினானா?”

பூசாரி தயங்கினார். “நின்னுக்கிட்டுத்தான் இருந்தான். ஆனா ஓடப்போற மாதிரி நின்னான்யா.”

“மூஞ்சிய அவுரு.”

முகத்துணி அவிழ்ந்தது. பூசாரியின் கை அந்தரத்தில் நின்றது. பேரன் மூக்கை உறிஞ்சினான், அழவில்லை.

“ஏலே, நீ எதுக்கு இங்க நிக்கிற?” என்றார் நாட்டாமை.

“நான் சும்மா நிக்கல தாத்தா. பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“இவுக வாரதைப் பாத்துட்டு ஓட வேண்டியதுதான?”

“ஓடினா அவுக மூணு பேரும் எப்படி வீட்டுக்குப் போவாக?”

அதன்பின் நாங்களும் வேலிக்கடியிலிருந்து வெளியே வந்தோம். பூசாரி மகளின் பாவாடையிலிருந்து பழங்கள் உதிர்ந்தன. பூசாரி அவசர அவசரமாகத் துண்டை அவிழ்த்தபடி, “நம்ம பேரப்பிள்ளைன்னு தெரியாமப் போச்சுய்யா” என்றார்.

“தெரிஞ்சிருந்தா?” என்றார் நாட்டாமை.

விடைக்கு அவர் காத்திருக்கவில்லை. தடியை ஊன்றி வீட்டை நோக்கி நடந்தார். என்னைக் கடக்கும்போது மட்டும் ஒரு கணம் நின்று, “நீ கயித்து வீட்டுப் பிள்ளையா?” என்றார். நான் தலையசைத்தேன். அவர் முகத்தில் என்னால் எதையும் படிக்க முடியவில்லை. அன்று வீட்டில் அம்மா, “இனி அந்த ஒரு வார்த்தையும் கிடைச்ச மாதிரிதான்” என்று சொல்லி, பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

பங்குனிப் பொங்கல் விடிந்தது. கண்மாய்க் கரையில் ஊர் கூடியது. மேளம் நின்றதும் பூசாரி கையை நீட்டினார். அப்பா கயிற்றைக் கொடுக்கவில்லை. தாமே கல்லின் அருகில் போனார். கயிற்றை மணிக்கட்டுகளில் சுற்றாமல், அதன் ஒரு முனையை அந்தக் கல் விரல்களுக்கு நடுவே வைத்தார். மற்றொரு முனையை, தேய்ந்து வழவழப்பாயிருந்த அந்த வெற்றிடத்தின் குறுக்கே இழுத்து, நான்கு குதிரைகளின் வாய்களிலும் படும்படி ஒட்டி, இரு புறமும் களிமண்ணால் அழுத்தினார். அதுவரை அப்பா சித்தப்பாவின் கதையைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. கேட்டாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. கூட்டத்தின் கடைசியில் நின்ற சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கல்லைப் பார்க்கவில்லை. தம் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பண்ற நீ? கையக் கட்டணும்,” என்றார் பூசாரி. அப்பா விலகி நின்றார். “சரி, சொல்ல வேண்டியதையாச்சும் சொல்லு. நேரமாகுது.”

“எடுத்தாத்தான சொல்லணும்,” என்றார் அப்பா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

ஊர் முழுவதும் நாட்டாமையைப் பார்த்தது. அவர் அருகில் பேரன் நின்றான்; அவன் மணிக்கட்டில் துண்டு இறுக்கிய தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. நாட்டாமை கல்லைப் பார்த்தார். அங்கே மூவர் முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் வார் பிடித்து நின்றான். அந்தக் காலை வெளிச்சத்தில், கயிறு போட்ட பிறகு, அதை வேறு எதுவாகப் பார்ப்பதும் கடினமாக இருந்தது.

“கயிறு போட்டாச்சுல்ல,” என்றார் நாட்டாமை. “மேக்கொண்டு ஆக வேண்டியதப் பாருங்க.”

மறுநாள் காலைப் பேருந்தில் அவர் அப்பாவோடு பாலவனத்தம் போனார். ஆலை முதலாளியிடம் என்ன சொன்னார் என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். “ரெண்டு வார்த்தைதான். ‘ஓட மாட்டான்’னாரு. அவ்வளவுதான்,” என்றார் அப்பா. அம்மா சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை மீண்டும் அடுக்கினாள்.

நாட்டாமை ஏன் அப்படிச் செய்தார்? தம் பேரன் கட்டுண்டு நின்ற இடத்தில், நெடுங்காலமாகக் கட்டுண்டு நின்ற மற்றொருவனை அவர் கண்டுகொண்டார் என்று நம்பவே எனக்கு ஆசை. தம் பேரன் களவாணியாகப் பிடிபட்ட செய்தி எங்கள் வாய் வழியே பரவாமலிருக்க எங்களுக்குப் போட்ட வாய்ப்பூட்டு அது என்றும் சில நாள் தோன்றும். இரண்டும் ஒருசேர இருந்திருக்கலாம். செப்புக் கம்பி கிடைக்கவேயில்லை. சித்தப்பா அந்தக் கோடையிலேயே மல்லாங்கிணறு பக்கம் வேலை என்று சொல்லிப் போனார். பெட்டியைத் தூக்கிவிட்ட அம்மா, “வரும்போது இருந்த கனம்தான் இருக்கு” என்று என் காதில் சொன்னாள். தூரிகையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார் சித்தப்பா. வீடு மாறி வீடு மாறி, அது எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை.

ஆலை மூடும்வரை அப்பா அங்கே காவலாளாக இருந்தார். அவர் இருந்தவரை ஆண்டுதோறும் கயிறு குதிரைகளுக்கே போயிற்று. ‘இனி எடுக்க மாட்டோம்’ என்ற வாக்கியத்தை எவரும் மீண்டும் கேட்கவில்லை. அவருக்குப் பின் நாங்கள் மதுரையோடு இருந்துவிட்டோம். ஊர் எங்களையும் கயிற்றையும் மறந்தது; குதிரைகளோடு நின்றவன் ஒரு வீரன் என்ற பேச்சு மட்டும் தங்கி வளர்ந்தது.

நீங்கள் அனுப்பிய படத்தை நம்பாமல், போன வாரம் நேரிலேயே போய்ப் பார்த்தேன். சாரத்தின்மேல் உட்கார்ந்து ஓர் இளைஞர் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். ஆளுயரக் குதிரைகள் நான்கு. முன்னே மூவர் நடந்துபோகிறார்கள். கோலுக்குப் பதிலாக வேல். நான்காமவன் முதல் குதிரையின்மேல் மீசை முறுக்கி, வாளை ஓங்கி, ஏறி அமர்ந்திருக்கிறான். பழைய கல்லைப் பற்றிக் கேட்டேன். பீடத்துக்கு அடியில் அடித்தளமாகப் போட்டுவிட்டார்களாம்.

“நின்னுக்கிட்டு இருந்தவரு எங்க தம்பி?” என்றேன்.

“அவரத்தாம்மா மேல ஏத்தியாச்சு. ஊர்க்காரவுகதான் ஏத்தச் சொன்னாக. இப்ப அவருதான் பெரிய வீரராம்ல. நிக்க வச்சா என்னமோ களவாங்க வந்த ஆளு மாதிரி இருக்காம்.”

நான் சிற்பத்தை ஒருமுறை சுற்றிவந்தேன். பிறகு கேட்டேன்: “அப்ப மத்த மூணு குதிரையையும் யாரு பிடிச்சிருக்கா?”

அவர் தூரிகையை வாளியில் வைத்துவிட்டுக் குதிரைகளை முதல்முறையாக எண்ணிப் பார்த்தார்.

“அதுக எங்கம்மா போகப்போகுது? உள்ள கம்பி வச்சுச் சிமெண்டு பூசியிருக்கு.”

அவர் மறுபடியும் மீசைக்குக் கறுப்பு தீட்டத் தொடங்கினார். அந்த மூவரும் முதுகைக் காட்டியபடி, பின்னால் ஒருவன் நிற்கிறான் என்ற நம்பிக்கையில், இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.